உடைக்காமல் மசிப்பது எப்படி?

உருளைக்கிழங்கை மசிப்பதற்கு ஒரு விஞ்ஞானமா என்று நீங்கள் சிரிக்கலாம். வேகவைத்தோம், தோலை உரித்தோம், கரண்டியால் அழுத்தினோம், வேலை முடிந்தது! ஆனால் ஒரே கடையில், ஒரே கூடையிலிருந்து வாங்கிய கிழங்கு ஒரு வீட்டில் பூப்போல உதிர்ந்து நாவில் கரைகிறது. மற்றொரு வீட்டில் சுவரொட்டி ஒட்டும் பசையைப் போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுக்கிறது. கிழங்கு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், அடுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு வேறுபாடு எங்கிருந்து வந்தது?

'கைப்பக்குவம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கைப்பக்குவத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்முடைய வேலை. அதற்கு நீங்கள் பள்ளியில் படித்த ஒப்படர்த்தி, தன்வெப்பம், உள்ளுறை வெப்பம் ஆகிய மூன்றுமே போதும்.

இங்கிலாந்து, அமெரிக்கா, பிரான்சு முதலிய நாடுகளில் மசித்த உருளைக்கிழங்கு அன்றாட உணவுகளில் ஒன்று. வேகவைத்து மசித்த கிழங்கில் பாலும் வெண்ணெயும் உப்பும் கலந்து சூடாகப் பரிமாறுவார்கள். பல் இல்லாத முதியவர்களுக்கும், நோயிலிருந்து தேறி வருபவர்களுக்கும், சிறு குழந்தைகளுக்கும் ஏற்ற மென்மையான உணவு அது. மசியல் பசையாகிவிட்டால் அதைச் சரிக்கட்ட மேலும் மேலும் வெண்ணெய் சேர்ப்பது வழக்கம். கொழுப்பு, பசைக்கு இடையே புகுந்து வழுக்கச் செய்வதால் ஒட்டும் தன்மை ஓரளவு மறையும். ஆனால், 'கொழுப்பைக் குறையுங்கள்' என்று மருத்துவர் யாருக்குச் சொல்லியிருக்கிறாரோ, அவருக்கே இந்த மென்மையான உணவு தேவைப்படுகிறது என்றால் என்ன செய்வது? வெண்ணெயைக் குறைத்தும் மசியலை லேசாகச் செய்ய முடியுமா?

முடியும். அதற்குரிய விதி ஒரே ஒரு வரிதான்: கிழங்கின் செல்களைப் பிரிக்க வேண்டும், உடைக்கக் கூடாது.

கிழங்குக்குள் ஒரு பயணம்

உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே. எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச். இந்த மாவுச்சத்து கிழங்கு முழுவதும் கரைந்து கிடப்பதில்லை. மைக்ராஸ்கோப்பில் ஒரு மெல்லிய சீவலை வைத்துப் பார்த்தால், தேன்கூட்டின் அறைகளைப் போலச் செல்கள் அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முட்டை வடிவில் மாவுமணிகள் குவிந்திருக்கும். ஒரு செல்லின் குறுக்களவு சுமார் 100 முதல் 200 மைக்ரான். (1,000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்.) மாவுமணிகள் 10 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அரிசியின் மாவுமணிகளோ 10 மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. எனவே உருளைக்கிழங்கின் மாவுமணிகளை அவற்றுக்கு அண்ணன்மார் என்றே சொல்லலாம்!

செங்கற்களை இணைக்கச் சாந்து பூசுகிறோம் அல்லவா? செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாந்துக்குப் பெக்டின் என்று பெயர்.

கிழங்கை வேகவைக்கும்போது இரண்டு மாறுதல்கள் நிகழ்கின்றன. முதலாவது, வெப்பநிலை 60° செல்சியஸை ஒட்டி வரும்போது மாவுமணிகள் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. 70° செல்சியஸை எட்டும்முன் அவை பெரும்பாலும் கூழாகிவிடும். இரண்டாவது, இதற்கும் மேலே, கொதிநிலையை நெருங்கும்போது பெக்டின் சாந்து கரைந்து இளகுகிறது. செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியத் தயாராகின்றன.

இப்போது மெதுவாக அழுத்தினால் சாந்து இருந்த இடத்தில் பிளவு விழும். கூழ் நிரம்பிய செல்கள் சிறுசிறு பைகளைப் போல முழுசாகப் பிரிந்து வரும். அந்தப் பைகளுக்கு இடையே காற்றும் புகும். இதுவே பூப்போன்ற மசியல்.

அப்படியின்றி, அரைகுறையாக வெந்த கிழங்கைப் பலமாக இடித்தாலோ, நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் மிக்ஸியின் கத்திக்குக் கொடுத்தாலோ, பைகளே கிழிந்துவிடும். உள்ளே இருந்த கூழ் வெளியே வழிந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடும். மாவுச்சத்தில் இருவகை மூலக்கூறுகள் உள்ளன. கிளை கிளையாகப் படர்ந்தது அமைலோபெக்டின். நீண்ட சங்கிலி போன்றது அமைலோஸ். இது மாவுச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வெளியே வழிந்த கூழில் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால்தான் மசியல் பசையாகிறது. சட்னி அரைக்க உதவும் மிக்ஸி, மசியலுக்குப் பகைவனாவது இப்படித்தான்.

எந்தக் கிழங்கு?

கிழங்குகள் எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல. மாவு மிகுந்த கிழங்கில் செல்கள் எளிதில் பிரியும்; மசியலுக்கு ஏற்றது இதுவே. மாவு குறைந்து ஈரம் மிகுந்த கிழங்கு வெந்த பிறகும் மெழுகுபோல உருவம் கலையாமல் இருக்கும். சாம்பாருக்கும் குருமாவுக்கும் அது நல்லது. இளங்கிழங்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-ல் வெளியிட்ட குஃப்ரி சிப்சோனா போன்ற வகைகள், வறுவலுக்கென்றே மாவுச்சத்து மிகுதியாக இருக்குமாறு உருவாக்கப்பட்டவை.

ஆனால் கடையில் வாங்கும் கிழங்கின் மேல் வகையின் பெயர் எழுதியிருப்பதில்லையே? கவலை வேண்டாம். ஆர்க்கிமிடீஸ் நமக்கு உதவுவார். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே மாவு அதிகமுள்ள கிழங்கின் ஒப்படர்த்தியும் அதிகம்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரையுங்கள். இக்கரைசலின் ஒப்படர்த்தி சுமார் 1.08. கழுவிய பச்சைக் கிழங்குகளை ஒவ்வொன்றாக இதில் இடுங்கள். மூழ்குபவை மாவுக்கிழங்குகள், அவற்றை மசியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மிதப்பவை குழம்புக்குப் போகட்டும். பிறகு இரண்டையும் நன்னீரில் கழுவிவிடுங்கள். எல்லாக் கிழங்கும் மிதந்தாலும் சோர்வடைய வேண்டாம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

ஓர் எச்சரிக்கை: தோல் பச்சையாக மாறிய கிழங்கையும், முளைவிட்ட கிழங்கையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் சோலனின் என்னும் நச்சுப்பொருள் மிகுந்திருக்கும். கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். கடுங்குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும்.

பருமனும் நேரமும்

முழுக் கிழங்கை வேகவைத்தால் மேற்புறம் குழைந்த பின்னும் நடுப்பகுதி கட்டியாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். காரணம், கிழங்கு வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகிறது. ஒரு பொருளின் நடுவரை வெப்பம் சென்று சேரும் நேரம், அதன் பருமனின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். பருமன் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்கு! எனவே கிழங்கைத் தோல் சீவி, 2 சென்டிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக, எல்லாம் ஒரே கனத்தில் இருக்குமாறு நறுக்கிக்கொள்ளுங்கள். பொடிப்பொடியாக நறுக்கக் கூடாது. நறுக்கும் இடமெல்லாம் செல்கள் வெட்டுப்படும்; தண்ணீரும் அதிகமாக உள்ளே ஏறும். நறுக்கிய வில்லைகளைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால், வெட்டுப்பட்ட செல்களிலிருந்து வெளிவந்த மாவு நீங்கிவிடும். அலசிய நீர் வெண்மையாகக் கலங்கியிருப்பதைக் கவனியுங்கள்.

இருமுறை வேகவைக்கும் தந்திரம்

இப்போது மிதந்த கிழங்குகளுக்கு வருவோம். 1950-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரையடுத்த அரசு வேளாண்மை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், மசித்த கிழங்கை உலர்த்தித் தகடுகளாக்கும் முறையை விஞ்ஞானிகள் உருவாக்கினர். வெந்நீர் ஊற்றினால் நொடியில் மசியல் தயாராகிவிட வேண்டும் என்பது நோக்கம். ஆனால் மசித்து உலர்த்தும்போது பல செல்கள் கிழிந்து பசை வெளிவந்தது. அதற்கு அவர்கள் கண்ட மருந்து எளியது: கிழங்கை முதலில் 70° செல்சியஸை ஒட்டிய சுடுநீரில் சுமார் 20 நிமிடம் வைத்தனர், பிறகு குளிர்ந்த நீரில் ஆறவிட்டனர், அதன் பின்னரே நீராவியில் முழுமையாக வேகவைத்தனர். மாவுச்சத்து குறைந்த கிழங்குகூட இதனால் நல்ல மசியலாயிற்று.

இதன் உட்பொருள் என்ன? 70° செ. வெப்பத்தில் மாவுமணிகள் கூழாகின்றன. ஆனால் பெக்டின் சாந்து இன்னும் கரையவில்லை. எனவே கூழ் முழுவதும் செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. இந்நிலையில் குளிரவைத்தால் அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றி இறுகிக்கொள்கின்றன. அப்படி இறுகியவை மீண்டும் 100° செல்சியஸில் வேகவைத்தாலும் எளிதில் கரைவதில்லை. பின்னர் மசிக்கும்போது சில செல்கள் கிழிந்தாலும் வழிவதற்கு அங்கே பசை அதிகம் இருக்காது.

இந்தத் தத்துவம் நமக்குப் புதிதன்று. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பிறகு குத்திப் புழுங்கல் அரிசி எடுக்கிறோம். புழுங்கல் அரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றைப்போலக் குழையாமல் பொலபொலவென்று இருப்பதற்கும், முதலில் கூழாகிப் பின்பு இறுகிய மாவுச்சத்தே முக்கியக் காரணம்.

வீட்டில் 70° செ. வெப்பநிலையை எப்படிப் பெறுவது? வெப்பமானி இல்லாவிட்டாலும் கலவை முறைக் கணக்கு இருக்கிறது. முக்கால் கிலோ கிழங்கு வில்லைகளை எடுத்துக்கொள்வோம். கிழங்கின் தன்வெப்பம் சுமார் 0.83 என்பதால் அது 0.62 கிலோ தண்ணீருக்குச் சமம். 2 லிட்டர் கொதிநீருடன் 30° செல்சியஸில் உள்ள முக்கால் லிட்டர் தண்ணீரையும் கிழங்கையும் சேர்த்தால்:

இறுதி வெப்பநிலை = (2 × 100 + 0.75 × 30 + 0.62 × 30) ÷ (2 + 0.75 + 0.62)

விடை ஏறக்குறைய 71.5° செ. பாத்திரம் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே உண்மையில் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதனால் கெடுதல் இல்லை. கனமான பாத்திரத்தை மூடி, ஒரு தடித்த துணியால் சுற்றி அரைமணி நேரம் வைத்துவிடுங்கள். கொதிநீரைக் கையாளும்போது பெரியவர்கள் உடனிருக்கட்டும்.

பிறகு அந்த நீரை வடித்துவிட்டு, வில்லைகளைக் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அதன்பின் இட்லிக் கொப்பரையின் தட்டில் பரப்பி ஆவியில் வேகவையுங்கள். ஆவியில் வேகும் கிழங்கு, தண்ணீரில் மிதந்து வேகும் கிழங்கைப்போல ஊறிச் சொதசொதப்பதில்லை. கத்தியின் முனையைச் செருகினால் தடையின்றி இறங்கி, வில்லை பிளந்துகொள்ள வேண்டும். அதுவரை பொறுமை தேவை. சாந்து கரையும்முன் அவசரப்பட்டால் செல்கள் பிரியாமல் கிழியும்.

புளியோ எலுமிச்சைச் சாறோ இப்போது சேர்க்கக் கூடாது. அமிலம் பெக்டினைக் கரையவிடாது. புளித் தண்ணீரில் போட்ட காய் வேக மறுப்பதும் இதனால்தான்.

தானே உலரும் கிழங்கு

வெந்த கிழங்கை உடனே மசிக்காதீர்கள். ஓர் அகன்ற தட்டில் பரப்பி, மூடாமல் மூன்று, நான்கு நிமிடம் விட்டுவிடுங்கள். ஆவி குபுகுபுவென்று எழும். இதிலும் ஒரு கணக்கு உண்டு.

முக்கால் கிலோ கிழங்கு 100° செல்சியஸிலிருந்து 80° செல்சியஸுக்கு ஆறும்போது வெளிவிடும் வெப்பம் 750 × 0.83 × 20 = 12,450 கலோரி. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 540 கலோரி தேவை. ஆகவே இந்த வெப்பம் முழுவதும் ஆவியாக்கவே செலவானால் 23 கிராம் தண்ணீர் வெளியேறும். கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி! ஒரு பகுதி வெப்பம் தட்டுக்கும் காற்றுக்கும் போய்விடும் என்றாலும், கிழங்கின் மேலிருக்கும் ஈரம் நீங்க மீதமே போதும். அடுப்பு வேண்டாம், எரிபொருள் வேண்டாம். கிழங்கு தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது. மூடிவைத்தாலோ ஆவி மூடியில் குளிர்ந்து மீண்டும் கிழங்கின் மேலேயே சொட்டும்.

நாழியில் பிழியுங்கள்

மேலைநாட்டுச் சமையலறைகளில் மசிப்பதற்கு ரைசர் என்றொரு கருவி உண்டு. துளைகள் உள்ள ஒரு கிண்ணம், மேலிருந்து அழுத்தும் ஒரு தகடு, அவ்வளவுதான். கிழங்கு துளைகள் வழியே அரிசிபோலச் சிறு துணுக்குகளாக வருவதால் அப்பெயர் வந்தது. நம் வீட்டில் அதைத் தேட வேண்டியதில்லை. சேவை நாழி இருக்கிறதே! சற்றுப் பெரிய துளையுள்ள வில்லையைப் போட்டு, சூடு ஆறுமுன் கிழங்கைப் பிழியுங்கள். ஒவ்வொரு துணுக்கும் ஒரே ஒருமுறை அழுத்தப்பட்டு வெளியேறிவிடும். கரண்டியால் இடிக்கும்போதோ, ஒரே இடத்தில் இருபது அடி விழுகிறது. கிழங்கு ஆறினால் செல்கள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது பிரிக்க அதிக விசை வேண்டும், விசை கூடினால் செல் கிழியும். அதனால்தான் சூட்டோடு பிழிய வேண்டும்.

பிழிந்ததில் 20 கிராம் வெண்ணெயை முதலில் போட்டுப் புரட்டுங்கள். பிறகு 150 மில்லிலிட்டர் சூடான பாலைச் சிறிது சிறிதாக விட்டு, உப்பிட்டு, முள்கரண்டியால் அடியிலிருந்து மேலாகக் கிளறுங்கள். கலந்ததும் நிறுத்திவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று கை நீளும். அங்கேதான் மசியல் கெடுகிறது.

வெண்ணெய்க் கணக்கு

பாரிஸ் நகரின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஜோயல் ரோபுஷோன் (1945-2018) செய்த மசியல் உலகப் புகழ் பெற்றது. அவருடைய குறிப்பின்படி ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ வெண்ணெய். அது பட்டுப்போல வழுக்கும் தனி ருசி. விருந்து நாளுக்கு உரியது. அந்த விகிதப்படி முக்கால் கிலோ கிழங்குக்கு வெண்ணெய் மட்டும் சுமார் 1,350 கலோரி தரும். நம் முறையில் வெண்ணெய் தருவது சுமார் 145 கலோரி. (உணவில் கலோரி என்று சொல்வது, இயற்பியலில் சொல்லும் கலோரியைப்போல் ஆயிரம் மடங்கு.) கிழங்கோ இரண்டிலும் ஒன்றுதான், சுமார் 640 கலோரி. ஆக, மசியலைக் கனமான உணவாக்குவது உருளைக்கிழங்கு அன்று, வெண்ணெயே என்பது விளங்குகிறதல்லவா?

நீங்களே சோதியுங்கள்

சோதனை 1: வெந்த கிழங்கில் ஒரு பகுதியை நாழியில் பிழியுங்கள். மற்றொரு பகுதியை மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்து, தனித்தனியே 100 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் மெதுவாகக் கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். மேலாக நிற்கும் நீரை வேறு கண்ணாடித் தம்ளர்களில் எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலில் இரண்டு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் நீலநிறம் தோன்றும். எந்த நீர் அதிகமாகக் கருக்கிறது? அதிலே செல்கள் அதிகம் கிழிந்துள்ளன என்று பொருள். நீர் சூடாக இருந்தால் நிறம் தோன்றாது. ஆறிய பிறகே செய்யுங்கள். சோதித்ததை உண்ணக் கூடாது.

சோதனை 2: ஒரு சிறு தம்ளரை எடை போடுங்கள். தண்ணீர் நிரப்பி மீண்டும் எடை போட்டால் அதன் கொள்ளளவு தெரியும். நீரைத் துடைத்துவிட்டு, மசியலை அழுத்தாமல் நிரப்பி, மேலே தட்டையாக வழித்து எடை போடுங்கள். நிறையைக் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வெந்த கிழங்கும் பாலும் தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தவை. எனவே விடை 1-க்குக் கீழே வந்தால், குறைந்த அந்தப் பங்கு காற்றின் வேலைதான். நாழி மசியல், மிக்ஸி மசியல், கரண்டியால் இடித்த மசியல் மூன்றுக்கும் கண்டு, அட்டவணையாக எழுதுங்கள்.

பிறகு மூன்றையும் உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கொடுங்கள். எது எப்படிச் செய்தது என்று சொல்லாமல், எது லேசாக இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வரிசையும் உங்கள் அட்டவணையின் வரிசையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பல் இல்லாத ஒருவர் வெண்ணெய் அதிகமில்லாத மசியலை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டால், உங்கள் கணக்குகளுக்கு அதைவிட வேறு மதிப்பெண் வேண்டுமா?